எல்லைதான் நகர்ந்தது – கடிதம்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கிறேன். ஓட்டல், கட்டட வேலை, இப்போது மீன்பிடி வள்ளம் வரை வடக்கத்திப் பையன்கள்தான். அவர்களுக்காக அரைகுறை இந்தி பேச வேண்டியிருக்கிறது. நம் ஊர் மலையாளிகள் சத்தமில்லாமல் நம்மோடு கலந்துவிட்டார்கள். இவர்களும் கலப்பார்களா, இல்லை நாம்தான் மாற வேண்டிவருமா?

– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

விளவங்கோட்டு மலையாளி எங்கிருந்தும் வந்து நம்மோடு கலக்கவில்லை. 1956 அக்டோபர் 31 ராத்திரி வரை நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது; அந்த மாநிலக் கணக்கில் அவர் பெரும்பான்மை, நம் தாத்தாமார் சிறுபான்மை. விடிந்ததும் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டுப் பக்கம். ஆளும் அதே ஆள், வீடும் அதே வீடு. எல்லைதான் நகர்ந்தது.

அது சும்மா நகர்ந்ததா? தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடியவர்கள் மேல் 1954 ஆகஸ்ட் 11-ல் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது உங்கள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும்தான். பள்ளியிலும் சர்க்கார் ஆபீசிலும் நம் மொழிக்கு இடமில்லை என்பதுதான் அன்றைய ஆத்திரம். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் வகுப்பு வகுப்பாக ஏறிப் பத்தாம் வகுப்பை எட்டியபோது, மலையாளம் படித்த பிள்ளைகளின் பெற்றோர் கேட்டதும் கிட்டத்தட்ட அதுவே. இங்கே வாழ்கிற பிள்ளைக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர்கள் கேட்டது நம் காதில் விழாமல் போனது எனக்கு ஆச்சரியம்தான். நம் வீட்டில் பேசிய பேச்சல்லவா?

நாம் மாற வேண்டிவருமா என்கிறீர்கள். மாறி வெகுகாலமாகிறது. மதுரைக்காரரிடம் ‘அண்டி ஆபீஸ்’ என்று சொல்லிப்பாருங்கள், முந்திரித் தொழிற்சாலை என்று விளங்கவைக்க அரை மணி நேரமாகும். பலாவைச் சக்கை என்கிறோம். தீயலும் புளிசேரியும் நம் வீட்டுக் கறிகள். ஓணத்துக்கு மாவட்டமே லீவு. மரச்சீனி என்கிற மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. 1880-களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் முனைந்து பரப்பியது. அதில் சாளை மீன் கறியை ஊற்றிப் பிசையும்போது யாருக்கு அந்த நினைப்பு வருகிறது!

வடக்கத்திப் பையன்கள் கதை வேறு. ரேஷன் கார்டு ஊரில், பெண்டாட்டி பிள்ளை ஊரில். நாலு பேர் ஒரு அறையில் படுத்தெழுந்து, பண்டிகைக்கு ரயிலேறிவிடுகிறவன் யாரோடு கலப்பான்? மனசில்லாமல் இல்லை, அதற்கு வழியில்லை. குடும்பத்தோடு வந்தால் கதை மாறும். எங்கள் தெருவில் அசாமிலிருந்து வந்த கொத்தனார் ஒருவரின் மகள் இரண்டாம் வகுப்பு. காய்கறிக் கடையில் தாய்க்காரிக்கு அவள்தான் வாய். “மக்ளே, அம்மைக்கு என்ன வேணும்?” என்றால், “மரச்சீனி ரெண்டு கிலோ, முத்தினது வேண்டாம்” என்கிறாள்.

உங்கள் அரைகுறை இந்தியை முதலில் நிறுத்துங்கள். வருகிறவர்களில் பலருக்கு அது தாய்மொழியே இல்லை; வங்காளமோ அசாமியோ ஒடியாவோ பேசுகிறவர்கள். கடைக்காரர் நீங்களே இந்திக்குத் தாவிவிட்டால் அவன் எங்கே போய்த் தமிழ் படிப்பான்?