செறிவும் ஆவியாதலும்: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகள்

குன்னூர்: 100 கிலோ பசுந்தேயிலையில் 76% ஈரம். வாட்டியபின் 68%. ஈரம் 8% குறைந்ததால் எடை 92 கிலோ என்று எழுதினேன். விடைக்குறிப்பில் 75 என்று இருக்கிறது. எங்கே தவறு?

விடைக்குறிப்பு சரிதான். 76% என்பது 100 கிலோவில். 68% என்பது வாடிய இலையின் எடையில். அடிப்படை வேறு வேறாக இருக்கும் இரண்டு சதவீதங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க முடியாது.

வாட்டும் தொட்டியில் போவது தண்ணீர் மட்டும். உலர்பொருள் 24 கிலோ அப்படியே இருக்கும். வாடிய இலையில் அதன் பங்கு 32%. ஆக 24 ÷ 0.32 = 75 கிலோ; ஆவியானது 25 கிலோ.

விடையைச் சோதித்துவிடுங்கள்: முதலில் இருந்த நீர் 76, போனது 25, மிச்சம் 51. 75-இல் 68% என்பதும் 51தான்.

அதே இலையை 3% ஈரமுள்ள தூளாக்கினால் 24 ÷ 0.97, அதாவது ஏறக்குறைய 24.7 கிலோ. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் இலை பிடிப்பது இதனால்தான். நாரும் தூசியும் கழிவதால் ஃபேக்டரியில் கையில் கிடைப்பது இன்னும் குறையும்.

கூடலூர்: 10 கிலோ தேனில் 24% ஈரம். 20%-க்குக் கொண்டுவர 400 கிராம் நீர் போனால் போதுமா?

போதாது. நீர் தவிர்த்த பொருள் 7.6 கிலோ. 7.6 ÷ 0.8 = 9.5. போக வேண்டியது 500 கிராம்.

கோத்தகிரி: 40 கிலோ, 10% உப்புக் கரைசல். "பாதி ஆவியானது" என்றால் 20%தானே?

கேள்வியை மறுபடி படியுங்கள். கரைசலின் எடை பாதியானது என்றால் 4/20, 20% சரி. "கரைசலில் உள்ள நீரில் பாதி" என்றால் 36-இல் 18 போய், மிச்சம் 22 கிலோ. 4/22, சுமார் 18.2%. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கணக்கில் அல்ல, இந்த ஒரு சொல்லில்தான்.

ஊட்டி: இங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கிறது. விடை மாறுமா?

மாறாது. இந்தக் கணக்கில் வெப்பநிலைக்கு இடமே இல்லை. எத்தனை கிலோ போனது என்பது மட்டும்தான். அடுப்படியில் மட்டும் கவனம்: ஊட்டி உயரத்தில் நீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதிப்பதால், கடல்மட்டத்தில் 105-இல் இறக்கும் ஜாமை இங்கே 98 வாக்கிலேயே இறக்க வேண்டும். 105 வரை விட்டால் நீர் அளவுக்கு மீறிப் போய் ஜாம் இறுகிவிடும்.

குந்தா: 40 கிலோ, 15% சர்க்கரைப் பாகு. 10 கிலோ நீர் ஆவியானபின் 2 கிலோ சர்க்கரை சேர்த்தால்?

சர்க்கரை 6 + 2 = 8. மொத்தம் 40 − 10 + 2 = 32. செறிவு 25%. சேர்த்த 2 கிலோவை மொத்தத்தில் கூட்ட மறந்தால் 26.7% என்று வரும்.