பற்றை வளர்ந்தால் காணி காடாகிவிடுமா?

கேள்வி: முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் அப்பாவின் பேரில் பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த நிலம், இருக்கிறது. யுத்தத்தில் இடம்பெயர்ந்த பிறகு பல வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது முழுக்கப் பற்றை. வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்டுவிட்டது. "ஜேசிபி விட்டுத் துப்புரவாக்குங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்கிறார் தரகர். சமூகவியல் படிக்கும் மகளோ "அது வெறும் இயற்கைக் காடில்லை" என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. ஜேசிபியை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

சமூகத்தைச் சமூகத்தை வைத்தே விளக்கவேண்டும் என்றார் சமூகவியலைத் தொடக்கியவர்களில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் டுர்கைம். அதனால் மழையும் மரமும் நெடுங்காலம் சமூகவியலுக்கு வெளியே நின்றன. 1978இல் கேட்டன், டன்லப் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மனிதரும் இயற்கையின் வரம்புக்கு உட்பட்டவர்களே என்று வாதாடி அந்தக் கதவைத் திறந்தார்கள். பிறகு வந்தவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள்: ஒரு நிலத்துக்குக் 'காடு' என்று பெயர் வைப்பது யார், வைக்கும்போது அங்கே இல்லாமல் போனது யார்? உங்கள் பற்றை தானாகத்தான் முளைத்தது. ஆனால் காணியை வெறுமையாக்கியது யுத்தம்.

கந்தோருக்கு இந்தக் கதை புரியாது, புரிந்தாலும் புரியாத மாதிரித்தான் இருப்பார்கள். காடு, தரிசு, ஆளில்லாத நிலம் எல்லாம் முடிக்குரியவை, இல்லையென்றால் நீ நிரூபி என்று 1840இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் மனம் அங்கே இன்னும் மாறவில்லை.

ஆகவே நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான், சாட்சி அந்தப் பற்றைக்குள்ளேயே கிடக்கிறது. கிணற்றுக்கட்டு, வயல் வரம்பு, வீட்டு அத்திவாரம், நட்ட மா, தென்னை எல்லாவற்றையும் அயலவரோடு போய்த் திகதியோடு படமெடுங்கள். கமநல சேவை நிலையப் பதிவேட்டையும் நில அளவைத் திணைக்களத்தின் பழைய வான்படங்களையும் கேளுங்கள். ஜேசிபி ஒரு பகலில் வரம்பையும் கிணற்றையும் வழித்துவிடும். முதிரை, பாலை மரங்கள் நின்றால் தரகரின் லொறியில் ஏறும். காடழித்த வழக்கு மட்டும் உங்கள் பேரில் வரும். "காணி உறுதி எழுதித் தருகிறேன்" என்று அவர் அடுத்ததாக வருவார். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் பெர்மிட் காணியைக் கைமாற்றி எழுதும் உறுதி செல்லாது. காசு போனது போனதுதான்.

சேனைக்காரருக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. வெட்டி, எரித்து, ஓரிரு போகம் விதைத்து, பிறகு காடாகவே விட்டுவிட்டுப் பல வருடம் கழித்துத் திரும்புவதுதான் சேனை. அங்கே மரம் வளர்வதும் பயிர்ச்செய்கையின் பாதி. யாருடைய சேனை எதுவென்று ஊருக்குத் தெரியும், ஆனால் காட்டுவதற்கு வரம்பும் இல்லை, கிணறும் இல்லை. 1840 சட்டம் அதைக் காட்டுக் கணக்கிலேயே சேர்த்தது. உங்கள் நிலத்தில் ஒரு மூலை சேனையாக இருந்திருந்தால் அதைப் பெர்மிட் காணியோடு கலந்து சொல்லாதீர்கள். அதிலே பிடித்து மற்றதையும் தட்டிக்கழிப்பார்கள்.

பெர்மிட் தொலைந்திருந்தால் பிரதேச செயலகப் பேரேட்டில் தேடித்தரும்படி எழுத்தில் கேளுங்கள். கல் போட்டது எந்த வர்த்தமானியின்படி, எந்த வரைபடத்தின்படி என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் திணைக்களத்திடம் ஒரு விண்ணப்பம் போடுங்கள். "சேர் இல்லை, நாளைக்கு வாங்கோ" என்பார்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வரவேண்டாம்.