டெல்லிக்குத் தீர்மானம் போடும் மன்றத்தில் செவ்வாய்ப்பேட்டை பார்க்கிங் எப்போது பேச்சாகும்?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் வண்டி நுழையாது. சரக்கு இறக்க வரும் குட்டியானை ஒரு பக்கம், டூவீலர்கள் இன்னொரு பக்கம். மனு எடுத்துக்கொண்டு போனால் ஓர் அலுவலகத்தில் "அது போலீஸ் வேலைங்க" என்கிறார்கள். இன்னோர் அலுவலகத்தில் "இடம் காட்ட வேண்டியது உள்ளாட்சிங்க" என்கிறார்கள். பேப்பரைப் பிரித்தால், ஊர் ஊராக உள்ளாட்சி மன்றங்களில் ஒன்றிய அரசைக் கண்டித்துத் தீர்மானம், வெளிநடப்பு, கூச்சல். இவர்கள் இதையெல்லாம் பேசச் சட்டத்தில் இடம் உண்டா? எங்கள் தெருவைப் பற்றிப் பேச வைக்க என்ன வழி?

பதில்:

பேசலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் கோபம் வீணான இடத்தில் செலவாகிறது.

நகராட்சி அலுவலகங்களில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக்கு மேல் மன்றக் கூட்டத்துக்குப் பொருள், அதாவது முடிவுக்கு வைக்கும் விஷயம், தயாரிப்பதிலும் கூட்டக் குறிப்பு எழுதுவதிலும் போனது. நாட்டு அரசியலைப் பேசிய கூட்டங்களில் நேரம் போனது உண்மை. ஆனால் தெருப் பிரச்சினை தீராமல் போனதற்கு அந்தப் பேச்சு காரணமாக இருந்ததை நான் பார்த்ததில்லை. தெருப் பிரச்சினை கூட்டத்துக்கு வந்து சேரவே இல்லை என்பதுதான் காரணம்.

சேலத்துக்கு இது புதிதும் இல்லை. 1866-ல் நகராட்சியான ஊர் இது. 1882-ல் இங்கே நகர்மன்ற உறுப்பினரான சி. விஜயராகவாச்சாரியார்தான் 1920-ல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். இவர்களிடம் போய் "சாக்கடையை மட்டும் பேசுங்கள், தேசத்தைப் பேசாதீர்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு தீர்மானம் என்ன செய்யும் என்பதைப் பார்க்க அது யாருடைய மேஜைக்குப் போகிறது என்று பார்த்தால் போதும். வரிப் பங்கீடு, தொகுதி மறுவரையறை, நுழைவுத்தேர்வு என்று ஒரு மாமன்றம் தீர்மானம் போட்டால் அது கடிதமாகி மேலே போகும். அங்கே யாரும் அதற்குப் பதில் சொல்லக்கூடக் கடமைப்பட்டவர்கள் இல்லை. சட்டப்பேரவைக்கே அவ்வளவுதான். வேளாண் சட்டங்களுக்கு எதிராகத் தமிழகப் பேரவை 2021 ஆகஸ்டில் தீர்மானம் போட்டது. அதனால் சட்டம் ரத்தாகவில்லை, அந்த வருஷக் கடைசியில் நாடாளுமன்றம்தான் ரத்து செய்தது. கடிதம் எழுதுவது குற்றமும் இல்லை. அந்தத் தீர்மானத்தின் பேரில் மன்ற நிதியிலிருந்து பந்தல், பேனர், பயணச் செலவு என்று காசு எடுத்தால்தான் வில்லங்கம். தணிக்கைத் தடை, அதாவது கணக்குத் தணிக்கையாளரின் ஆட்சேபம், வரும்; அதற்குப் பதில் எழுதுவது என்னைப் போன்ற பிரிவு எழுத்தர் தலையில் விழும். அதிகாரத்தை மீறிய தீர்மானத்தை நிறுத்தவும் ரத்து செய்யவும் மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது.

உங்கள் தெரு விஷயம் வேறு ரகம். 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம் அரசியலமைப்பில் பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. அதில் 18 பொருள்கள். பதினேழாவதைப் படியுங்கள்: தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம். பார்க்கிங் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. எட்டாவது பொருள் நகர்ப்புற மரங்களும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும். எனவே "பார்க்கிங் எங்க வேலை இல்லைங்க" என்று உள்ளாட்சியில் யார் சொன்னாலும் இந்தப் பக்கத்தை நகல் எடுத்து மனுவோடு வையுங்கள்.

ஆனாலும் உங்களை அலைய விட்டவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. பார்க்கிங்குக்கு மூன்று கை சேர வேண்டும். எந்த இடத்தில் வண்டி நிற்கலாம் என்று முடிவு செய்வது, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 117-ன்படி, மாநில அரசு அல்லது அது அதிகாரம் கொடுத்த அலுவலர். உள்ளாட்சியைக் கலந்துகொண்டு செய்ய வேண்டும். கேட்பாரற்று வழியை மறித்து நிற்கும் வண்டியை அகற்றுவது பிரிவு 127, அது போலீஸ். சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பது மூன்றாவது கேள்வி. நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் மாநகராட்சி தன் இஷ்டத்துக்குக் கோடு போட முடியாது. இந்த மூன்றையும் ஒரே கோப்பில் கொண்டுவருவதுதான் மன்றத் தீர்மானத்தின் உபயோகம்: இன்ன தெருவில் இன்ன பக்கம் வாகன நிறுத்தம் அமைக்கவும், அறிவிக்கை வெளியிடக் காவல் துறையைக் கேட்டுக்கொள்ளவும் மன்றம் அனுமதிக்கிறது. இந்த வாக்கியம் இல்லாமல் யாரும் பெயின்ட் வாளியைத் தூக்க மாட்டார்கள்.

அந்த வாக்கியம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கூட்டத்துக்கு முன்னால் உறுப்பினர்களுக்குப் பொருள் நிரல் புத்தகம் போகும். ஒவ்வொரு பொருளுக்கும் மேலே விஷயச் சுருக்கம், நடுவில் அலுவலகக் குறிப்பு, கடைசியில் "மன்றத்தின் முடிவிற்கு வைக்கப்படுகிறது" என்று ஒரு வரி. நூறு பொருள் இருக்கும் புத்தகம் அரை மணியில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பின் வரிசையிலிருந்து "ஆல் பாஸ், ஆல் பாஸ்" என்று குரல் வரும், மேயரோ தலைவரோ மணியடிப்பார். கேட்பவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் கவனியுங்கள், பாஸ் ஆவது அந்தப் புத்தகத்தில் அச்சானவைதான். கவுன்சிலர் எழுந்து நின்று உங்கள் தெருவைப் பற்றிப் பத்து நிமிஷம் ஆவேசமாகப் பேசலாம், மறுநாள் பேப்பரில் படமும் வரலாம். பொருளாக ஏறாவிட்டால் நான் கூட்டக் குறிப்பில் "உறுப்பினர் கோரிக்கை விடுத்தார், ஆவன செய்யப்படும் என ஆணையாளர் தெரிவித்தார்" என்று எழுதி மூடிவிடுவேன். ஆவன செய்யப்படும் என்ற இரண்டு சொல்லில் எத்தனை தெருக்கள் அடங்கியிருக்கின்றன என்று எனக்குத்தான் தெரியும்.

ஆகவே கவுன்சிலரிடம் "பேசுங்க அண்ணே" என்று கேட்காதீர்கள். "பொருளா வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்க அண்ணே" என்று கேளுங்கள். பொறியியல் பிரிவு குறிப்பு எழுதினால்தான் பொருள் தயாராகும், அதனால் உதவிப் பொறியாளரைப் பார்ப்பதும் அவசியம். சேலத்தில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டலம், அறுபது வார்டு. உங்கள் தெரு எந்த வார்டு, எந்த மண்டலம் என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். இது இல்லாமல் வந்த மனுக்கள் மேஜை மேஜையாகச் சுற்றுவதை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

மனுவுக்கு முன் ஒரு வேலை உண்டு. உங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் செய்யுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா. வியாபாரம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் காலை ஒன்பதரைக்குத் தெருமுனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கடைசி நாலு எண்ணை எழுதுங்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம், மூன்றுக்கு ஒரு தரம், ஆறுக்கு ஒரு தரம். நாலு தரமும் அதே எண் இருந்தால் அது வாடிக்கையாளர் வண்டி இல்லை. நான் பணியில் இருந்த ஓர் ஊரில் கடைவீதிச் சங்கத்தார் கூட்டமாக வந்து "வெளியூர் வண்டிகளால் தொல்லை" என்று மேஜையைத் தட்டினார்கள். இப்படி எண்ணிப் பார்த்தோம். காலையில் வந்து இரவு வரை அசையாமல் நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் கடைக்காரர்களுடையதும் அவர்கள் கடைப் பையன்களுடையதும். சங்கத் தலைவரின் ஸ்கூட்டரே அதில் இருந்தது; பட்டியலைப் படிக்கும்போது அந்த எண் வந்ததும் அவர் டீ சொல்லி அனுப்பினார். பிறகு கடைக்காரர் வண்டிகளை மட்டும் பக்கத்து ஸ்டாண்டுக்கு மாற்றினோம், மாத வாடகை பேசி. ஒரு கோடும் போடாமல் தெருவில் மூச்சு வந்தது.

அந்தப் பட்டியலோடு இன்னொன்றையும் பாருங்கள். புதுக் கட்டடங்களுக்கு ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் வாகன நிறுத்தம் காட்டியிருப்பார்கள். 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பரப்புக்கு ஏற்ப எத்தனை வண்டி என்று கேட்கின்றன. போய்ப் பார்த்தால் அந்தத் தரைத்தளத்தில் மூட்டை அடுக்கியிருக்கும், அல்லது வாடகைக் கடை இருக்கும். சந்தேகம் இருக்கும் கட்டடத்தின் ஒப்புதல் வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில். பக்கத்துக் கடைக்காரரோடு முகம் முறியும் என்று பயந்தால் சங்கத்தின் பேரில் போடாதீர்கள், அந்தச் சட்டத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை, வெளியூர்ச் சொந்தக்காரர் பேரில்கூடப் போடலாம்.

சாலையோர வியாபாரிகளைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று உங்கள் தெருவில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை. 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு வழியாகத்தான் இடமாற்றம். அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் அந்த வியாபாரிகளே இருக்க வேண்டும். உங்கள் மனுவில் அதைச் சேர்த்தால் கோப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும். தனியாக வையுங்கள்.

சுற்றுச்சூழல் தீர்மானங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் மாவட்டத்தில் அதற்கு நேரடி அனுபவம் இருக்கிறது. 277 கிலோமீட்டர் சென்னை-சேலம் எட்டு வழிச்சாலையை 2018-ல் வழியெங்கும் விவசாயிகள் எதிர்த்தார்கள். 2019 ஏப்ரல் 8-ல் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்ததற்குக் காரணம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் இறங்கியது; 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டத்தில் முன் அனுமதி தேவையில்லை என்று மாற்றியது. எந்த ஊர் எத்தனை தீர்மானம் போட்டது என்பது இரண்டு தீர்ப்பிலும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. ஆனால் காட்டு நிலம் என்று வந்தால் கதை மாறும். வன உரிமைச் சட்டம் 2006 கிராம சபைக்கு நிஜமான அதிகாரம் கொடுக்கிறது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் பன்னிரண்டு கிராம சபைகள் வேண்டாம் என்றன, பாக்சைட் சுரங்கம் வரவில்லை. மலையாளிப் பழங்குடிகள் வாழும் சேர்வராயன் மலையில் இந்தச் சட்டம் தெரிந்த ஒரு கிராம சபைத் தீர்மானம், மாநகரத்தில் போடும் பத்துத் தீர்மானத்துக்குச் சமம்.

பார்க்கிங்கும் சுற்றுச்சூழலும் ஒரே கயிற்றில் முடிச்சுப்படுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த வண்டி ஏரிக்கரையில் நிற்க இடமில்லாமல் ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றும். அங்கே நகராட்சி கிடையாது. படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது, அண்ணா பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது, மலைச்சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஒரு சரிவை வெட்டிச் சமன் செய்து வண்டி நிறுத்தலாம் என்றால் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாடு குறுக்கே நிற்கும். பொது இடத்து மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவைக் கேட்க வேண்டும். இதில் கொஞ்சம் தாமதம் நல்லது என்றே நினைக்கிறேன், சில்வர் ஓக்கை வெட்டி கார் நிறுத்துவதற்கா மலைக்குப் போகிறோம்? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது உயர் நீதிமன்ற உத்தரவால், நகர்மன்றத் தீர்மானத்தால் இல்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு. மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தெரு, வார்டு, மண்டலம், தெருவின் அகலம், இரண்டு மூன்று இடத்தில் டேப் வைத்து அளந்தது, வண்டிப் பட்டியல், கோரிக்கை. கோரிக்கை "போக்குவரத்து நெரிசலைச் சரி செய்க" என்று இருந்தால் ஆவன செய்யப்படும். "வடக்குப் பக்கம் மட்டும் டூவீலர், தெற்குப் பக்கம் நிறுத்தத் தடை, சரக்கு இறக்கக் காலை ஒன்பதரைக்கு முன்பும் இரவு எட்டுக்குப் பின்பும்" என்று இருந்தால் உதவிப் பொறியாளர் அதை அப்படியே அலுவலகக் குறிப்பில் எடுத்து ஒட்ட முடியும். அவருக்கு எழுதும் வேலையை மிச்சப்படுத்துங்கள், அதைவிட நல்ல சிபாரிசு இல்லை. ஒரு பிரதி ஆணையாளருக்கு, ஒன்று போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு, ஒன்று கவுன்சிலருக்கு. மூன்றிலும் மற்ற இருவருக்கும் பிரதி போயிருக்கிறது என்று கீழே எழுதுங்கள். அப்போது யாரும் யாரையும் கைகாட்ட முடியாது. 2022 நவம்பர் 1-ல் தொடங்கிய பகுதி சபைக் கூட்டம் (வார்டுக்குள் பகுதி மக்கள் கூடிப் பேசுவது) உங்கள் பகுதியில் நடக்கும்போது அங்கேயும் பதிவு செய்யுங்கள். இரண்டு மாதம் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள்.

பொருள் நிறைவேறிய பின் தீர்மான எண்ணும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடம் கட்டண நிறுத்தமாக ஏலத்துக்குப் போனால் கட்டணப் பலகை வைக்கவேண்டும் என்ற நிபந்தனையை ஏல அறிவிப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், குத்தகை எடுத்த பிறகு சொன்னால் காதில் ஏறாது.

குட்டியானைக்காரர்களிடம் நேரத்தைப் பற்றி இப்போதே பேசிவையுங்கள். ஒன்பதரைக்கு முன் சரக்கு இறக்க உங்கள் கடை ஷட்டர் எட்டரைக்கு ஏறவேண்டும், கடைப் பையன் எட்டேகாலுக்கு வரவேண்டும்.