பழைய எம்எக்ஸ்-5 காரில் முதலில் எதைச் சரிசெய்வது?

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பித்த, 1990களின் மாஸ்டா எம்எக்ஸ்-5 (துணிக்கூரை கொண்ட இரு இருக்கை கார்) வாங்கியிருக்கிறீர்கள்; எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரிலிருந்துதான். அதன் பிளாஸ்டிக் மேல்தொட்டி புதிதில் கறுப்பாக இருக்கும். பழுப்பேறியிருந்தால் விரிசல் விடும் நாள் தூரத்தில் இல்லை. பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் அது பிளந்தால் எஞ்சின் கொதித்து, அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடலாம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், ரப்பர் குழாய்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டைச் சுமார் 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதைக் கழற்றும்போதே, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுழலவிடும் வாட்டர் பம்பையும் மாற்றினால் கூலி மிச்சம்.

பலரும் மறப்பது மழைநீர் வடிகால். துணிக்கூரை மடியும் இடத்தின் இரு மூலைகளிலும் துளைகள் இருக்கின்றன. சருகு அடைத்தால் கதவுக்குக் கீழுள்ள சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நம் ஊர் மழைக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு, பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பாருங்கள்: உடனே வடிய வேண்டும்.