கரி அடுப்புக்குத் துணையாக என்ன வைக்கலாம்?

கேள்வி: நாங்கள் கோத்தகிரியில் வசிக்கிறோம். மே மாத விடுமுறைக்குக் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் வருகிறார்கள். ஒரு நாள் முற்றத்தில் கரி அடுப்பு மூட்டிக் கோழியும் பன்னீரும் சுடலாம் என்று இருக்கிறோம். அதோடு சேர்த்துச் சாப்பிட, வீட்டிலேயே எளிதாகச் செய்யக்கூடிய சாலட்டும் கொறிக்கும் பண்டங்களும் சொல்லுங்கள். போன வருடம் வெள்ளரி சாலட் தண்ணீராக ஓடியது. உருளைக்கிழங்கு சாலட்டில் கிழங்கின் நடுப்பகுதி வேகவே இல்லை.

பதில்: வெள்ளரி கெட்டது உப்பு போட்ட நேரத்தால். உருளைக்கிழங்கு கெட்டது நீங்கள் குடியிருக்கும் உயரத்தால். இரண்டையும் சரிசெய்வது எளிது. முதலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். சுட்ட கோழியில் கொழுப்பு, புகை, காரம் மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. பக்கத்தில் வைப்பது புளிப்பாகவும், குளிர்ச்சியாகவும், பல்லில் கடிபடுவதாகவும் இருக்க வேண்டும். அதனால் மசாலா தூக்கலான எதையும், எண்ணெயில் பொரித்த எதையும் இந்த விருந்தில் நான் சேர்க்க மாட்டேன். பதினைந்து பேருக்கு நான்கு சாலட், தொட்டுக்கொள்ள ஒரு தயிர்க் கலவை, கரியிலேயே சுட்ட ஓரிரு காய்கள் போதும். பத்து வகை வைத்தால் எல்லாமே பாதி பாதி மிஞ்சும்.

உருளைக்கிழங்கிலிருந்து தொடங்குகிறேன். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மேலே ஏற ஏற, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் அது குறையும். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் பானை தளதளவென்று கொதித்தாலும் தண்ணீரின் சூடு 94 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். உதகையில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, சூடு ஏறாது. கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளகுவதற்கு இந்தச் சில டிகிரிகள் பெரிய வித்தியாசம். சமவெளிச் சமையல் குறிப்பில் சொல்லியிருக்கும் நிமிடக் கணக்கு உங்கள் அடுப்புக்குப் பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

குக்கரைப் பயன்படுத்துங்கள். மூடிய குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் கொதிநிலையும் 100 டிகிரியைத் தாண்டிவிடும். நடுத்தர அளவுக் கிழங்கு இரண்டு கிலோ எடுத்து, தோலோடு முழுதாக, உப்பு போட்ட தண்ணீரில் இரண்டு விசில் விட்டு இறக்கி, அழுத்தம் தானாக அடங்கும்வரை விடுங்கள். கைபொறுக்கும் சூடு வந்ததும் தோலை உரித்துத் துண்டு போடுங்கள். அந்தச் சூட்டிலேயே நான்கு எலுமிச்சம்பழச் சாற்றையும் உப்பையும் சேர்த்துப் புரட்டி, கால் மணி நேரம் வையுங்கள். சூடான கிழங்கு புளிப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறிய பிறகு ஊற்றினால் அது மேலே மட்டும் நிற்கும். வேகும்போதே புளிப்பைச் சேர்த்துவிடவும் கூடாது. புளிப்பு பெக்டினை இறுக்கி, கிழங்கை வேகவிடாமல் செய்யும். ஆறியதும் நான்கு மேசைக்கரண்டி கடலை எண்ணெய், பொடியாக நறுக்கிய ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நசுக்கிய மிளகு, செலரித் தண்டு இருந்தால் அதுவும் சேர்க்கலாம். முடிந்தவரை புதுக் கிழங்காக வாங்குங்கள். இருப்பு வைத்த பழைய கிழங்கு மாவாக உதிர்ந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மே மாதத்திலும் உங்கள் ஊரில் மேகம் கவிந்தால் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும்; சாலட் மேல் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து நிற்கும். தாளிக்கவும், கலக்கவும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோதான் சரி.

இந்தச் சாலட்டுக்கு மயோனைஸ் வேண்டும் என்று இளையவர்கள் கேட்பார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும் ஆபத்து உண்டு. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதற்குத் தடை விதித்ததும் இதனால்தான். வீட்டிலும் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு லிட்டர் தயிரை மெல்லிய துணியில் கட்டி நான்கு மணி நேரம் தொங்கவிட்டால் பாதியளவு கெட்டித் தயிர் கிடைக்கும். அரைத்த கடுகு, உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய் சேர்த்து அடித்தால் அதைவிட ருசியாகவே இருக்கும். குளிரில் தயிர் தோய நேரம் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முதல் நாள் மாலையே வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றி, ஹாட்பேக்கில் மூடி வைத்துவிடுங்கள்.

அடுத்து வெள்ளரி. உப்பு பட்டதும் காய் தன்னிடமுள்ள நீரைக் கக்கும். அதைத் தடுக்க முடியாது. பரிமாறும் பாத்திரத்தில் கக்காமல், அதற்கு முன்பே கக்கவைக்க வேண்டும். ஒரு கிலோ வெள்ளரியை வட்டமாக நறுக்கி, இரண்டு தேக்கரண்டி உப்பு பிசறி, வடிதட்டில் அரை மணி நேரம் வைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். முற்றிய காயாக இருந்தால் விதைப்பகுதியைச் சுரண்டி எறிந்துவிடலாம். அதன் பிறகு தயிரோ எலுமிச்சையோ சேர்த்தால் மணிக்கணக்கில் ஓடாது. மறுபடி உப்பு போடும் முன் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்ப்பது நல்லது.

இதே முறையில்தான் எனக்கு மிகவும் பிடித்த சாலட்டைச் செய்கிறேன்: முட்டைக்கோஸும் பிளம்ஸும். ஒரு கிலோ கோஸை நூலிழையாக நறுக்கி, உப்பு பிசறி, அரை மணி நேரம் கழித்துக் கைகளால் நன்றாகப் பிழியுங்கள். கால் கிலோ கேரட்டைத் துருவிச் சேருங்கள். மே மாதக் கடைசியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வரத் தொடங்கும் பிளம்ஸில் எட்டுப் பத்து பழங்களைத் தோலோடு கீற்றுப் போட்டுக் கலந்துவிடுங்கள். அந்தத் தோலில் இருக்கும் புளிப்பும் சதையில் இருக்கும் இனிப்பும் சேர்ந்தால் எலுமிச்சையும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். கொஞ்சம் வறுத்த வேர்க்கடலையைப் பரிமாறும்போது தூவினால் போதும். சுட்ட கோழிக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் இதுவரை சாப்பிட்டதில்லை.

நான்காவதாகக் கேரட் கோசம்பரி. ஒரு கிண்ணம் பாசிப்பருப்பை ஊறவைத்து வடித்து, அரை கிலோ கேரட் துருவல், தேங்காய்த் துருவல், கடுகு, பச்சை மிளகாய்த் தாளிப்பு சேர்க்க வேண்டியதுதான். மலைத் தண்ணீரின் குளிர்ச்சியில் பருப்பு ஊற இரண்டு மணி நேரமாவது வேண்டும். உப்பும் எலுமிச்சையும் கடைசி நிமிடத்தில்.

காய்களை எப்படிக் கழுவுவது என்பதில் கவனம் வேண்டும். கோஸ், லெட்யூஸ் போன்றவற்றுக்குத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்திருக்கக்கூடும். வெளி இலைகள் இரண்டு மூன்றை நீக்கி, மீதியைப் பிரித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். பச்சையாகச் சாப்பிடும் எந்தக் காயையும் கோழி நறுக்கிய பலகையில் நறுக்காதீர்கள். கோழி ஊறிய மசாலாவை, சுட்ட கோழி மேல் மறுபடி தடவவும் வேண்டாம்.

கரி மூட்டி, கங்கின் மேல் சாம்பல் பூக்க அரை மணி நேரமாவது ஆகும். பிள்ளைகள் பசியில் நச்சரிக்கும் நேரம் அதுதான். கேரட், முள்ளங்கிக் குச்சிகளும் உப்பு போட்டு அவித்த நிலக்கடலையும் தயாராக இருக்கட்டும். கங்கு தயாரான பிறகு, தொட்டுக்கொள்ள மலைப்பூண்டு தயிர். நான்கு முழுப் பூண்டின் தலையைச் சீவி, எண்ணெய் தடவி, அலுமினியத் தாளில் சுற்றி, கங்கின் ஓரத்தில் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் வெண்ணெயாகக் குழைந்துவிடும். அதைப் பிதுக்கிக் கெட்டித் தயிரில் கலந்தால் காரம் போய் இனிப்பும் புகைமணமும் நிற்கும். இதைத் தொட்டுச் சாப்பிட வர்க்கியை உடைத்து வையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியை டீயோடு மட்டுமே சாப்பிட்டுப் பழகிய கோவைக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். மிஞ்சிய பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம்.

பீட்ரூட்டையும் முழுதாகத் தாளில் சுற்றிக் கங்குக்குள் புதைக்கலாம். ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதால் முதலில் அதை வைத்துவிடுங்கள். மக்காச்சோளத்தைத் தோகையோடு இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துச் சுட்டால் மணிகள் காயாமல் ஆவியில் வேகும். பிறகு தோகையை உரித்து, ஒரு சுற்று நேரடித் தணலில் காட்டி, எலுமிச்சையால் உப்பும் மிளகாய்த்தூளும் தேய்க்கலாம். மொட்டுக் காளானுக்கு ஐந்தாறு நிமிடம் போதும்.

பைன் கட்டையையும் கற்பூர மர (யூகலிப்டஸ்) கட்டையையும் அடுப்பில் போடாதீர்கள். ஒன்று பிசின் புகையாலும், மற்றொன்று தைல வாடையாலும் உணவைக் கெடுத்துவிடும். மரக்கரியே நல்லது. மே மாதத்தில் பிற்பகல் இடிமழை வழக்கமாக வருவதால் பதினொரு மணிக்கே மூட்டி, ஒரு மணிக்குள் பரிமாறத் தொடங்குங்கள். மழை வந்தாலும், இரவில் குளிரெடுத்தாலும் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய அறையில் அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் மலையூர்களில் இறந்திருக்கிறார்கள். கங்கு அணைந்ததுபோலத் தெரிந்தாலும் ஆபத்துதான். தண்ணீர் ஊற்றி, கரியைக் கிளறிவிட்டு, மீண்டும் ஊற்றுங்கள்.

எலும்பு, பழத்தோல், சோளக்கட்டை எதையும் பொழுது சாயும்வரை முற்றத்தில் விட்டுவைக்க வேண்டாம். கோத்தகிரியில் கரடிகள் உணவு வாடைக்கு வீட்டு வாசல் வரை வரும் என்பதை வெளியூர் விருந்தினரிடமும் சொல்லிவையுங்கள். தயிர் சேர்த்த சாலட் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். எலுமிச்சை சேர்த்த உருளைக்கிழங்கில் ஒரு பங்கைப் பரிமாறும் முன்பே குளிர்பெட்டியில் எடுத்து வைத்தால், மறுநாள் காலை அதை மசித்து, ரொட்டித்தூளில் புரட்டி, தோசைக்கல்லில் கட்லெட்டாகச் சுட்டுவிடலாம். தனியாக உப்பு போடத் தேவையில்லை.