உளவியலாளரிடம் முதலில் எதைக் கேட்பது?

கேள்வி: உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகளுக்கு, 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறியதுமே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை விறைத்துப்போகிறது. ஈ.சி.ஜி.யிலும் இரத்தப் பரிசோதனையிலும் குறை எதுவும் இல்லை. இப்போது டியூஷனுக்கு ஆட்டோவில்தான் அனுப்புகிறேன். மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் காட்டும்படி எங்கள் வைத்தியர் சொல்கிறார். அவர்கள் என்ன படித்தவர்கள், அறைக்குள் என்ன செய்வார்கள்? மாத்திரைக்குப் பழக்கிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மாத்திரை பற்றிய பயம் வேண்டாம். மருந்து எழுதுபவர் மருத்துவப் பட்டம் பெற்ற உளமருத்துவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை, தேவையென்று கண்டால் உளமருத்துவரிடம் அனுப்பிவைப்பார்.

அவர்களது பின்னணியை நீங்கள் கேட்டது மிகவும் சரி. சில மாதச் சான்றிதழ்ப் பயிற்சியோடு ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டுபவர்களும் உண்டு. மருத்துவ உளவியலாளரோ உளவியலில் பட்டம் பெற்று, அதன்மேல் வைத்தியசாலைகளில் மேற்பார்வையின் கீழ் நோயாளரைப் பார்த்துப் பழகும் முதுதத்துவமாணிப் (எம்.ஃபில்.) படிப்பையும் முடித்திருக்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு உண்டு. இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றிருக்கிறாரா என்று நேரிலேயே கேளுங்கள். நல்ல உளவியலாளர் எவரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் பீதித் தாக்கம், அதாவது திடீரென்று உச்சத்துக்கு ஏறும் கடும் பயம், போலவே தெரிகிறது. உறுதிப்படுத்த வேண்டியவர் அவளை நேரில் பார்ப்பவர். இதற்கு நன்கு பயன்தரும் முறை, 1960களில் அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் வளர்த்தெடுத்த வழியில் வந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுவதே இதன் வேலை. அந்தப் பயம் வளர்வது இப்படி: இதயம் சற்று வேகமாகத் துடித்ததும் 'மயங்கி விழப்போகிறேன்' என்ற எண்ணம் எழுகிறது. பயத்தில் மூச்சு வேகமாகி, இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, கை விறைக்கிறது. அதைக் கண்டு பயம் இன்னும் ஏறுகிறது. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கியதும் கிடைக்கும் நிம்மதி, பஸ்தான் ஆபத்து என்று அவள் மனதில் பதித்துவிடுகிறது. ஆகவே சிகிச்சையாளர் அறைக்குள்ளேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்லி அதே படபடப்பை வரவழைப்பார். அது தானாகவே அடங்குவதைப் பிள்ளை தன் உடம்பிலேயே கண்டுகொள்வாள். பிறகு பம்பலப்பிட்டி வரை, அடுத்து கொள்ளுப்பிட்டி வரை, கடைசியாகக் கோட்டை வரை என்று பஸ் பயணம் படிப்படியாக நீளும். ஆட்டோவை நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். எப்போது நிறுத்துவது என்பதும் அந்தத் திட்டத்தில் ஒரு படியாக இருக்கட்டும்.

பொதுவாக ஓர் அமர்வு ஏறக்குறைய 50 நிமிடம். வாரம் ஒருமுறையாகப் பத்துப் பன்னிரண்டு அமர்வுகள் தேவைப்படலாம். மகள் தனியே பேச விடுங்கள். அவள் சொல்வதையெல்லாம் உங்களிடம் ஒப்பிக்கமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் மட்டுமே அந்த இரகசியம் தளரும். பெற்றோருக்கு இது கசக்கும் என்பதை அறிவேன், ஆனாலும் அந்த நம்பிக்கை இல்லாமல் எந்த முறையும் பயன்தராது.

பிள்ளை தமிழில் நினைத்துத் தமிழில் பயப்படுகிறாள் என்றால் தமிழில் பேசக்கூடிய ஒருவரையே தேடுங்கள்; தனியாரிடம் செலவு தாங்காதென்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவில் விசாரிக்கலாம். நாலைந்து வாரத்தில் சிறு மாற்றம்கூடத் தெரியாவிட்டால், திட்டத்தை எப்படி மாற்றப்போகிறீர்கள் என்று சிகிச்சையாளரிடமே கேளுங்கள்.