தங்கமீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி: உப்பு போட்டால் போதுமா?

பினாங்கு ஜெலுத்தோங்கில் வீட்டுத் தொட்டியில் வளரும் தங்கமீனின் உடம்பெல்லாம் உப்பைத் தூவியதுபோல் புள்ளி, கல்லில் உரசுகிறது, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உற்றுப் பாருங்கள். செவுள்மூடியிலும் முன்துடுப்பின் விளிம்பிலும் மட்டும் புள்ளி இருந்து, மீன் சுறுசுறுப்பாக இருந்தால் அது நோயல்ல. ஆண்மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. (நானும் ஒருமுறை இதற்குப் பயந்து மருந்து ஊற்றியவன்தான்.) வாலிலும் வயிற்றிலும் பரவி, உரசலும் இருந்தால் வெள்ளைப்புள்ளி நோய்தான்.

இது ஓர் ஒட்டுண்ணி. தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதை எட்டாது. முற்றியதும் உதிர்ந்து, தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்காகப் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும். அப்போதுதான் உப்புக்கு அகப்படும். அதனால் புள்ளி மறைந்துவிட்டதே என்று நிறுத்தாதீர்கள். இன்னும் ஒரு வாரம் தொடருங்கள்.

அயோடின் சேர்க்காத கல்லுப்பு, லிட்டருக்கு 2 கிராம். கரைத்து, ஒரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு. குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் நீக்கி கட்டாயம். செடிகளை எடுத்துவிடுங்கள், காற்று பம்ப் ஓடட்டும். பினாங்கு வெயிலுக்கு ஹீட்டர் வேண்டாம். ஆனால் தொட்டி ஏர்கோன் அறையில் இருந்தால் வெளியே மாற்றுங்கள். இரவில் தண்ணீர் சட்டென்று குளிர்வது மீனுக்கு ஆகாது.